பல்லின் கன அளவு: மென்பொருள் சொல்லும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

போன மாதம் ஒரு ஜூனியர் போன் பண்ணினாள். முதுகலை இரண்டாம் வருஷம். கல்லூரி நூலகத்தில் என் பழைய தீசிஸை எடுத்துப் படித்திருக்கிறாள். அதே முறையில் தானும் ஸ்கேனிலிருந்து பல்லின் கன அளவை எடுக்கப் போவதாகச் சொன்னாள். சந்தோஷமாக இருந்தது. நம் தீசிஸை ஒருத்தர் திறந்து பார்ப்பதே பெரிய விஷயம்தானே. போனை வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாள்: "அக்கா, த்ரெஷோல்ட் எவ்வளவு வச்சீங்க? எதை வச்சு அந்த நம்பரை எடுத்தீங்க? தீசிஸ்ல அது இல்லையே."

இல்லைதான். நான் எழுதவில்லை. மறதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. திரையில் பல் ஒரு பல் மாதிரித் தெரியும் வரை ஸ்லைடரை நகர்த்தினேன். தெரிந்ததும் நிறுத்தினேன். இதை ஆய்வு மொழியில் எப்படி எழுதுவது என்று புரியாமல் விட்டுவிட்டேன். ஆனால் முடிவு அட்டவணையில் ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று தசம இடம் வரை எண் போட்டிருந்தேன். மென்பொருள் அப்படித்தான் கொடுத்தது.

அவளுக்கு அன்று நான் சொன்ன பதில் மழுப்பல். இந்தக் கட்டுரையில் சரியான பதிலைச் சொல்லப் பார்க்கிறேன். என் தீசிஸ் மீதான விமர்சனம் என்றும் இதை எடுத்துக்கொள்ளலாம். அதே மாதிரி எழுதப்பட்ட நிறைய ஆய்வுக் கட்டுரைகளுக்கும் இது பொருந்தும்.

சுருக்கமாகச் சொன்னால் இதுதான். மென்பொருள் கணக்கில் தப்பு பண்ணுவதில்லை. பல்லின் எல்லை எங்கே முடிகிறது என்பதை நாம்தான் அதற்குச் சொல்கிறோம். அதில் 0.1 மி.மீ. தடுமாறினால் முழுப் பல்லின் கன அளவு கணிசமாக மாறும். பல்லுக்குள் இருக்கும் கூழின் கன அளவு தலைகீழாகவே மாறிவிடும். 'விகிதம் எடுத்துவிட்டால் பிழை அடிபட்டுப் போகும்' என்று நாம் எல்லோரும் நம்புகிறோமே, அங்கேதான் நிலைமை இன்னும் மோசம்.

முதலில், என்ன நடக்கிறது?

பல் மருத்துவத்தில் நாம் பயன்படுத்துவது சிபிசிடி ஸ்கேன். கூம்பு வடிவில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, தலையைச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்து, அவற்றிலிருந்து முப்பரிமாண உருவத்தைக் கணக்கிடும் முறை. 1998-ல் இத்தாலியிலிருந்து நியூடாம் 9000 என்ற கருவியைப் பற்றிய கட்டுரை வெளிவந்த பிறகு இது பரவத் தொடங்கியது. இன்று நம் ஊர்களில் தனியார் ஸ்கேன் மையங்கள் வரை வந்துவிட்டது.

கணினிக்குள் அந்த உருவம் குட்டிக் குட்டிக் கனசதுரங்களாக அடுக்கப்பட்டிருக்கும். வாக்ஸல் என்று பெயர். ஒரு வாக்ஸலின் பக்கம் 0.4 மி.மீ., 0.3 மி.மீ., 0.2 மி.மீ. என்று கருவிக்கும் செட்டிங்குக்கும் தகுந்தபடி இருக்கும். சின்னப் பகுதியை மட்டும் எடுத்தால் 0.1 மி.மீ.க்குக் கீழேயும் போகலாம். ஒவ்வொரு வாக்ஸலுக்கும் ஒரு சாம்பல் எண் உண்டு. கடினமான பொருள் என்றால் எண் கூடும், மிருதுவான பொருள் என்றால் குறையும்.

இனி நம் வேலை. 'இந்த எண்ணுக்கு மேலே இருப்பதெல்லாம் பல்' என்று ஒரு கோடு போடுகிறோம். அதுதான் த்ரெஷோல்ட். மென்பொருள் அந்த வாக்ஸல்களை எண்ணி, ஒரு வாக்ஸலின் கன அளவால் பெருக்கி, விடையைச் சொல்கிறது. ஐடிகே-ஸ்னாப், 3டி ஸ்லைசர் போன்ற இலவச மென்பொருளாக இருந்தாலும், மிமிக்ஸ் மாதிரி விலை கொடுத்து வாங்குவதாக இருந்தாலும் அடிப்படை இதுதான். எண்ணிக்கையில் எதுவும் பிசகாது. கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பல்லின் விளிம்பில் இருக்கும் வாக்ஸலை யோசித்துப் பாருங்கள். பாதி பல், பாதி வெளியே. அதன் சாம்பல் எண்ணும் ரெண்டுங்கெட்டானாக இருக்கும். அதைச் சேர்ப்பதா, விடுவதா? த்ரெஷோல்டைக் கொஞ்சம் குறைத்தால் சேரும், கூட்டினால் விடுபடும்.

இதில் பல்லுக்கென்று சில தனித் தொல்லைகள் உண்டு. எனாமலில் எடைக்கணக்கில் சுமார் 96% தாது. உள்ளே இருக்கும் டென்டினில் சுமார் 70% தான். தாடை எலும்பு அதற்கும் கொஞ்சம் கீழே. அதாவது தலைப்பகுதிக்குப் பொருந்தும் எண் வேருக்குப் பொருந்தாது. வேருக்கும் எலும்புக்கும் சாம்பல் நிறத்தில் பெரிய வித்தியாசமும் கிடையாது. இரண்டையும் பிரிப்பது நடுவில் இருக்கும் மெல்லிய தசைநார் இடைவெளி. அதன் அகலம் ஏறக்குறைய 0.2 மி.மீ. வாக்ஸலின் பக்கமே 0.4 மி.மீ. என்றால் அந்த இடைவெளி ஒரு வாக்ஸலில் பாதிதான். திரையில் வேரும் எலும்பும் ஒட்டிக்கொண்டுவிடும். அப்புறம் நாம் மவுஸைப் பிடித்து ஒவ்வொரு அடுக்காகக் கையால் பிரிக்க வேண்டும். அந்த இடத்தில் கோடு போடுவது மென்பொருள் இல்லை, ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒரு முதுகலை மாணவி.

இன்னொரு விஷயம். மருத்துவமனை சிடி ஸ்கேனில் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் என்று ஒரு பொது அளவுகோல் உண்டு. தண்ணீர் என்றால் 0, காற்று என்றால் −1000. சிபிசிடியில் வரும் சாம்பல் எண்கள் அப்படி நம்பகமானவை இல்லை. சிதறும் கதிர்களாலும், படத்துக்கு வெளியே இருக்கும் தலைப்பகுதியின் தாக்கத்தாலும் அவை கருவிக்குக் கருவி மாறும். ஒரே படத்திலேயே நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்றும் மாறும். ஆகவே ஒரு கட்டுரையில் 'த்ரெஷோல்ட் இவ்வளவு வைத்தோம்' என்று எழுதியிருந்தால்கூட, அந்த எண்ணை அப்படியே உங்கள் கருவிக்குக் கொண்டுவர முடியாது.

பென்சில் துண்டுக் கணக்கு

இதன் விளைவு எவ்வளவு பெரியது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்கேன் வேண்டாம், பேப்பர் பேனா போதும்.

ஒற்றை வேர்ப் பல் ஒன்றை உருளையாக எடுத்துக்கொள்வோம். விட்டம் 6 மி.மீ., நீளம் 20 மி.மீ. எழுதும் பென்சிலைவிடக் கொஞ்சம் ஒல்லியான, இரண்டு சென்டிமீட்டர் துண்டு. நிஜப் பல் இப்படி இருக்காது, கூம்பிப் போகும். ஆனால் அளவுகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள இது போதும்.

இதன் கன அளவு சுமார் 565 கன மி.மீ. இப்போது எல்லையை எல்லாப் பக்கமும் 0.1 மி.மீ. வெளியே தள்ளுங்கள். 610 ஆகிறது. 0.1 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். 523 ஆகிறது. இரண்டுக்கும் இடையே 87 கன மி.மீ., அதாவது பல்லின் 15%. 0.2 மி.மீ. வாக்ஸலில் 0.1 மி.மீ. என்பது அரை வாக்ஸல். கண்ணால் பார்த்து 'இது சரி, இது தப்பு' என்று யாரும் சொல்ல முடியாத அளவு. மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் மூன்றும் அழகான பல்லாகவே தெரியும்.

வாக்ஸல் கணக்கிலும் பார்க்கலாம். 0.4 மி.மீ. வாக்ஸலில் இந்தப் பல் மொத்தம் சுமார் 8,800 வாக்ஸல். அதில் மேற்பரப்பில் மட்டும் ஏறக்குறைய 2,700. மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. 0.2 மி.மீ.யில் அது 15% அளவுக்குக் குறைகிறது. எப்படிப் பார்த்தாலும் பல்லின் ஒரு பெரும் பங்கு சந்தேகத்துக்குரிய விளிம்பில்தான் இருக்கிறது. இந்த லட்சணத்தில் நான் மூன்றாம் தசம இடத்தை அட்டவணையில் போட்டு, அதற்கு சராசரி வேறு எடுத்தேன்.

உள்ளே இருக்கும் கூழ்

இப்போது பென்சிலுக்குள் இருக்கும் கரிக்குச்சிக்கு வருவோம். பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் மிருதுவான பகுதி, பல்கூழ். ரூட் கெனால் பண்ணும்போது டாக்டர் சுத்தம் செய்யும் அந்த இடம். வயசாக ஆக உள்சுவரில் புதிய டென்டின் படிந்துகொண்டே வரும், கூழ் சுருங்கும். இதை வைத்து வயதைக் கணிக்கலாம் என்பது பழைய யோசனை. 1950-ல் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்டாஃப்சன் தன் முறையில் எடுத்துக்கொண்ட மாற்றங்களில் இதுவும் ஒன்று. பிறகு எக்ஸ்ரே படத்தில் நீள அகலங்களை அளந்தார்கள், பரப்பளவை அளந்தார்கள். சிபிசிடி வந்த பிறகு நேரடியாகக் கன அளவுகளின் விகிதத்தையே எடுக்கத் தொடங்கினார்கள்.

நம் உருளைக்குள் 1 மி.மீ. விட்டம், 16 மி.மீ. நீளத்தில் கூழ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கன அளவு சுமார் 12.6 கன மி.மீ. எல்லை 0.1 மி.மீ. உள்ளே வந்தால் 7.9. வெளியே போனால் 18.3. முதலாவது 37% குறைவு, இரண்டாவது 46% அதிகம். முழுப் பல்லில் 8% பிழை கொடுத்த அதே 0.1 மி.மீ.தான் இது. மாயமில்லை. ஒல்லியான பொருளுக்கு உள்ளளவைவிட மேற்பரப்பு அதிகம், அவ்வளவுதான். 0.4 மி.மீ. வாக்ஸலில் இந்தக் கூழின் குறுக்கே இரண்டரை வாக்ஸல்தான் வரும். வேர்நுனிப் பக்கம் இன்னும் ஒடுங்கும்போது கூழ் படத்தில் காணாமலே போய்விடும்.

இங்கேதான் அந்தப் பிரபலமான சமாதானம் வரும். "பிழை இரண்டிலும் இருக்கும், விகிதம் எடுத்தால் அடிபட்டுப் போகும்." நானும் வைவாவில் இதைத்தான் சொன்னேன். எக்ஸாமினர் தலையாட்டினார்.

எந்தப் பிழை அடிபடும்? கருவி எல்லாவற்றையும் 2% பெரிதாகக் காட்டுகிறது என்றால், மேலேயும் கீழேயும் ஒரே பெருக்கல், அடிபடும். சரி. ஆனால் த்ரெஷோல்ட் பிழை அந்த வகை இல்லை. த்ரெஷோல்டைக் குறைத்தால் கடினப் பகுதி எல்லாப் பக்கமும் வீங்கும். வெளிப்பக்கம் வீங்கினால் பல் பெரிதாகும். உள்பக்கம் வீங்கினால் கூழ் சிறிதாகும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது. அடிபடுவதற்குப் பதிலாகக் கைகோத்துக்கொள்கிறது.

எண்ணில் பார்ப்போம். உண்மையான விகிதம் 12.6-ஐ 565-ஆல் வகுத்தால் 2.2%. த்ரெஷோல்ட் குறைந்தால் 7.9-ஐ 610-ஆல் வகுக்கிறோம், 1.3%. த்ரெஷோல்ட் கூடினால் 18.3-ஐ 523-ஆல் வகுக்கிறோம், 3.5%. ஒரே பல். ஒரே ஸ்கேன். ஸ்லைடர் இந்தப் பக்கம் போனால் ஆள் கிழவர், அந்தப் பக்கம் வந்தால் இளைஞர்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஒரே கருவி, ஒரே செட்டிங், ஒரே ஆள் என்று எல்லாப் பல்லையும் அளந்து வயதுச் சூத்திரத்தை உருவாக்கினால், அந்த நிலையான பிழையும் சூத்திரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே அந்த ஆய்வுக்குள் அது வேலை செய்யும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சூத்திரம் அச்சாகி ஊர் ஊராகப் போகிறது. கருவியும், செட்டிங்கும், அந்த ஆளின் கையும் கூடப் போவதில்லை. வேறொரு ஊரில், வேறொரு கருவியில், வேறொருவர் அதே சூத்திரத்தில் தன் எண்ணைப் போடும்போதுதான் விபரீதம்.

"சரிபார்த்துவிட்டோம்" என்பதற்கு என்ன அர்த்தம்?

பெரும்பாலான கட்டுரைகளில் துல்லியத்தைச் சரிபார்த்ததாக ஒரு பத்தி இருக்கும். என் தீசிஸிலும் இருக்கிறது. அந்தப் பத்தியில் வழக்கமாக வரும் நான்கு விஷயங்களைப் பார்ப்போம்.

ஒன்று, "அதே ஆள் இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்தார், முடிவு ஒத்துப்போனது." மளிகைக் கடைத் தராசு ஒன்று எப்போதும் 50 கிராம் கூட்டிக் காட்டுகிறது என்று வையுங்கள். பத்து தடவை போட்டாலும் பத்து தடவையும் அதே எடைதான் காட்டும். தராசு மாறவில்லை, ஆனால் தப்பு. திரும்பத் திரும்ப ஒரே விடை வருவது ஒரு குணம், விடை உண்மையாக இருப்பது வேறொரு குணம்.

இரண்டு, "உண்மை அளவோடு ஒட்டுறவுக் கெழு 0.9-க்கு மேல்." மென்பொருள் எல்லாப் பல்லையும் சரியாக 15% பெரிதாகக் காட்டினால், ஒட்டுறவுக் கெழு 1. முழு மார்க். பெரிய பல் பெரிதாகவும் சின்னப் பல் சின்னதாகவும் வருகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. இரண்டு அளவுமுறைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, ஒவ்வொரு பல்லிலும் வித்தியாசத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-லேயே லான்செட்டில் எழுதிவிட்டார்கள். அந்தக் கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அப்புறம் ஒட்டுறவுக் கெழுவையே போடுகிறோம்.

மூன்று, "பிடுங்கிய பல்லை ஸ்கேன் செய்து ஒப்பிட்டோம்." பிடுங்கிய பல் மேசை மேல் காற்றில் நிற்கிறது. சுற்றிலும் எலும்பு இல்லை, கன்னம் இல்லை, பக்கத்துப் பல்லில் உலோக அடைப்பு இல்லை, ஆள் எச்சில் விழுங்கி அசைவதும் இல்லை. அதில் எல்லை பளிச்சென்று தெரியாமல் என்ன செய்யும்? வாய்க்குள் இருக்கும் பல்லுக்கு இந்தத் துல்லியத்தை எடுத்துச் சொல்ல முடியாது.

நான்கு, "தண்ணீர் இடப்பெயர்ச்சி முறையில் உண்மை அளவு எடுத்தோம்." கேட்க கம்பீரமாக இருக்கிறது, ஆர்க்கிமிடீஸ் பெயரும் கூட வருகிறது. ஆனால் எந்தக் குடுவையில்? 0.1 மி.லி. கோடு போட்ட 10 மி.லி. அளவு ஜாடியில் ஒரு கோடு என்றால் 100 கன மி.மீ. அரைக் கோடு தவறிப் படித்தால் 50 கன மி.மீ. நம் பல்லில் அது ஏறக்குறைய 9%. அதாவது சோதிக்கப்படும் முறையைவிட, சோதிக்கும் அளவுகோல் மட்டமாக இருக்கிறது. இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. பல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, ஆய்வகத் தராசில் எடை வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிகிராம் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு கன மி.மீ. தராசு எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. காற்றுக் குமிழி ஒட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் கூழின் கன அளவை இப்படி எடுக்க முடியாது. அதற்கு மைக்ரோ-சிடி வேண்டும். அதன் வாக்ஸல் ஒரு மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு அளவில் இருக்கும், அதனால் அதிலும் கோடு போட வேண்டியிருந்தாலும் தடுமாற்றம் சின்னதாக இருக்கும்.

இப்போது ஐந்தாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு தானே பல்லைப் பிரித்துக் கொடுக்கிறது. 'டைஸ் மதிப்பெண் 0.96' என்று பெருமையாகப் போடுகிறார்கள். நம் உருளையையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லை 0.1 மி.மீ. வெளியே போன பல்லுக்கும் உண்மைப் பல்லுக்கும் டைஸ் மதிப்பெண் கணக்கிட்டால் 0.96 வரும். கன அளவில் 8% பிழை அதற்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. தவிர, அந்த நுண்ணறிவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது நம்மைப் போல ராத்திரி மவுஸ் பிடித்தவர்கள் போட்ட கோடுகள்தான்.

நேர்மையான ஒரு கட்டுரை

எல்லோரும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. 2010-ல் 'ஆங்கிள் ஆர்த்தோடாண்டிஸ்ட்' இதழில் வந்த ஒரு ஆய்வை நான் மதிக்கிறேன். பல் சீரமைப்புக்காகப் பிடுங்க வேண்டியிருந்த 24 முன்கடைவாய்ப் பற்களை எடுத்துக்கொண்டார்கள். பல் வாயில் இருந்தபோது எடுத்த சிபிசிடியிலிருந்து கன அளவு, பிடுங்கிய பிறகு தண்ணீரில் கன அளவு. மேலே சொன்ன மூன்றாவது குறை இதில் இல்லை. வித்தியாசம் −4% முதல் 7% வரை என்று சொன்னார்கள்.

இதை எப்படிப் படிப்பது? பென்சில் கணக்கில் வைத்துப் பார்த்தால் −4% என்பது எல்லை 0.05 மி.மீ. உள்ளே போனதற்குச் சமம். 7% என்பது 0.09 மி.மீ. வெளியே போனதற்குச் சமம். உயிரோடு இருக்கிற ஆளின் வாய்க்குள், எலும்புக்குள் புதைந்த ஒரு பொருளின் எல்லையை இந்த அளவுக்குப் பிடிப்பது சாதாரணக் காரியமில்லை. படம் எடுக்கும் கலையாகப் பார்த்தால் அபாரம்.

அளவீடாகப் பார்த்தால், எதற்கு அளக்கிறோம் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைத்தான் இதை மேற்கோள் காட்டும் பலர் கேட்பதில்லை. 'சிபிசிடி கன அளவு துல்லியமானது என்று நிறுவப்பட்டுள்ளது' என்று ஒரு வரி, பக்கத்தில் இந்தக் கட்டுரையின் எண். நானும் அதைத்தான் செய்தேன்.

யாருக்கு நஷ்டம்?

க்ளிப் போட்டவர்களுக்கு வேர் கரைகிறதா என்று பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். வேர் நுனியில் 1 மி.மீ. கரைந்துவிட்டது என்றால் பல் மருத்துவருக்கு அது கவனிக்க வேண்டிய செய்தி. நுனிப்பக்கம் 3 மி.மீ. விட்டம் என்று தாராளமாக வைத்தாலும் கரைந்தது 7 கன மி.மீ., முழுப் பல்லில் ஒரு சதவீதம் சொச்சம். அரை வாக்ஸல் தடுமாற்றமோ 7, 8 சதவீதம். காணாமல் போனதைவிடப் பல மடங்கு பெரிய இரைச்சலுக்குள் அதைத் தேடுகிறோம். முதல் ஸ்கேன் சுத்தமான வாயில் எடுத்தது. இரண்டாவதில் பிராக்கெட்டோ, பல்லுக்குப் பின்னால் ஒட்டிய ரிட்டெய்னர் கம்பியோ இருந்தால் உலோகக் கீற்றுகள் வேறு. இந்த வேலைக்கு வேரின் நீளத்தை நேராக அளப்பதே மேல். கன அளவு நவீனமாகத் தெரிகிறது என்பதற்காக அதை எடுக்கக் கூடாது.

வயது விஷயம் இன்னும் கனமானது. நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 94, ஒருவர் சிறாரா என்ற சந்தேகம் வந்தால் முதலில் பள்ளிச் சான்றிதழைப் பார்க்கச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். எதுவுமே இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை அல்லது வயதைக் கண்டறியும் வேறு நவீன மருத்துவப் பரிசோதனை. அதாவது காகிதம் இல்லாத பிள்ளைக்குத்தான் இந்த அளவீடு. எதிர்த்துக் கேட்க வக்கீல் வைக்க வசதி இல்லாத வீட்டுப் பிள்ளையாகத்தான் பெரும்பாலும் அது இருக்கும். 1982-ல் ஜெயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம், எக்ஸ்ரே மூலம் கணிக்கும் வயதில் இரண்டு பக்கமும் இரண்டு வருஷம் பிசகலாம் என்று குறிப்பிட்டது. எலும்பு எக்ஸ்ரேயின் பலவீனம் நீதிமன்றத்துக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

கூழ் விகிதம் பெரியவர்களின் வயதைக் கணிக்கத்தான் அதிகம் பேசப்படுகிறது. பதினெட்டா இல்லையா என்பதற்கு ஞானப்பல் வளர்ச்சியைத்தான் பார்ப்பார்கள். ஆனால் 'நவீன' என்ற சொல் சட்டத்தில் இருக்கிறது. முப்பரிமாண வண்ணப் படமும், மூன்று தசம எண்ணும், மென்பொருள் அச்சிட்ட அறிக்கையும் ஒருநாள் அந்த மேசைக்கு வந்தால், பழைய எக்ஸ்ரேயைவிட அதிகம் நம்பப்படும். அடையாளம் தெரியாத உடலுக்கு வயது சொல்லும்போதும் அப்படித்தான். தப்பான வயது எழுதினால் காணாமல் போனவர்கள் பட்டியலில் சரியான ஆளின் பெயரை போலீஸ் தாண்டிப் போய்விடும். 'பிசகலாம்' என்று அறிக்கையிலேயே எழுத வேண்டிய பொறுப்பு அளந்தவருக்குத்தான்.

சரி, அப்ப என்ன பண்றது?

அளக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிழையின் அளவையும் சேர்த்து எழுதுவோம் என்கிறேன். அதற்குப் பெரிய செலவில்லை.

3டி ஸ்லைசரில் பல்லைப் பிரித்தெடுத்த பிறகு 'மார்ஜின்' என்று ஒரு கருவி இருக்கிறது. எல்லையை வெளியே வளர்க்கலாம், உள்ளே சுருக்கலாம். ஒரு தடவை வளர்த்து, ஒரு தடவை சுருக்கி, மூன்று கன அளவையும் அட்டவணையில் போடுங்கள். பல்லுக்கு ஐந்து நிமிஷம் ஆகும். வாக்ஸலைவிடச் சின்ன அளவில் நகர்த்த முடியாததால், நகர்த்தும் முன் படத்தை நுணுக்கமான வாக்ஸலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் ஆய்வு முடிவு இந்த மூன்று எண்களிலும் நின்றால், தைரியமாக எழுதலாம். ஒன்றில் மட்டும் நின்றால் அது ஸ்லைடரின் முடிவு.

அதே மென்பொருள் கன அளவை இரண்டு விதமாகத் தரும். வாக்ஸலை எண்ணி ஒன்று, மேற்பரப்பை முக்கோண வலையாக்கி ஒன்று. வலையை வழவழப்பாக்கினால் மெல்லிய நுனிகள் சுருங்கும், கன அளவு குறையும். எதை எடுத்தீர்கள், எவ்வளவு வழவழப்பாக்கினீர்கள் என்று எழுதுங்கள். த்ரெஷோல்டை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். 'கண்ணால் பார்த்து' என்பதுதான் உண்மை என்றால் அதையே எழுதுங்கள், வெட்கமில்லை. உங்கள் கருவியில், உங்கள் செட்டிங்கில், அளவு தெரிந்த ஒரு பொருளையாவது ஸ்கேன் செய்து பாருங்கள். கடைசியாக, தசமப் புள்ளிக்குப் பிறகு இருப்பதை அழித்துவிடுங்கள்.

நானும் உட்கார்ந்து பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். சில பற்களை வளர்த்தும் சுருக்கியும் பார்த்தேன். பென்சில் கணக்கு சொன்ன திசையில்தான் எல்லாம் நகர்ந்தது. பல்லின் எண்கள் அசைந்தன, கூழின் எண்கள் ஆட்டம் கண்டன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் வித்தியாசம் என்று முடிவுரையில் நான் பெருமையாகப் போட்டிருந்த ஒரு வரி அந்த ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிப் போனது. அந்த வரியை இன்னும் யாரும் மேற்கோள் காட்டவில்லை என்பதில் முதல்முறையாக நிம்மதி.

ஒரு பக்கத்தில் இதையெல்லாம் எழுதி ஜூனியருக்கு அனுப்பினேன். மேலே, 'உன் கேள்விக்குப் பதில்: எதையும் வைத்து எடுக்கவில்லை, கண்ணால் பார்த்து வைத்தேன், மன்னிக்கவும்' என்று போட்டேன். ராத்திரியே கூப்பிட்டாள்.

"அக்கா, அப்ப என் டேபிள்ல ஒரு காலம் சேர்க்கணுமா?"

"ரெண்டு," என்றேன்.

"சார் கேட்டா என்ன சொல்றது?"

"என் தீசிஸைக் காட்டு. இதெல்லாம் இல்லாம பண்ணினா எப்படி இருக்கும்னு அவருக்கே தெரியும்."

சிரித்தாள். ஆனால் அந்த இரண்டு காலத்தையும் சேர்த்துவிட்டதாக நேற்று மெசேஜ் வந்தது.